சந்தையில் வாங்கிய கீரையை வாரம் முழுவதும் வாடாமல் வைப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். வாரம் ஒருமுறை உழவர் சந்தைக்குப் போய், அந்தப் பருவத்தில் விளைந்ததை மட்டும் வாங்கிச் சமைக்கிறோம். அன்று காலை பறித்த கீரையின் ருசியே தனி. அதை விட்டுவிட மனமில்லை. ஆனால் வாரம் முடிவதற்குள் பாதி வாடிவிடுகிறது.

முள்ளங்கி, பீட்ரூட் வாங்கியதும் இலைகளை நறுக்கித் தனியே வைக்கிறேன். இல்லாவிட்டால் இலை ஈரத்தை உறிஞ்சிக் கிழங்கு தொய்ந்துவிடும். பழுக்கும் தக்காளி எத்திலீன் வாயுவை வெளிவிடும், அருகில் இருக்கும் கீரை மஞ்சளாகும் என்பதால் அதையும் தள்ளியே வைக்கிறேன். 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தக்காளியின் மணம் மங்கும் என்பதால் அது குளிர்பெட்டிக்குள் போவதே இல்லை. கீரையைத்தான் காப்பாற்ற முடியவில்லை. ஈரத்துணியில் சுற்றினால் நடுத்தண்டு கறுத்து வழவழக்கிறது. காகிதத்தில் சுற்றினால் ஓரம் சருகாகிறது. நீங்கள் கழுவாமல் வைக்கிறீர்களா, வேரோடு தண்ணீரில் நிறுத்துகிறீர்களா?

இன்னொன்று: விளைச்சல் உச்சத்தில் இருக்கும்போது வாரக்கணக்கில் ஒரே காய்தான் குவிகிறது. குழந்தைகள் முகம் சுளிக்காதபடி எப்படி மாற்றி மாற்றிச் சமைக்கிறீர்கள்? விளைவித்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட பக்குவம் இருந்தால் அவசியம் எழுதுங்கள். முதலில் கீரைக்கு வழி சொல்லுங்கள். நாளை மறுநாள் சந்தை.