தொட்டி பளிச்சென்று ஆனது, மீன் மேலே வந்துவிட்டது: தங்கமீன் தொட்டி கழுவிய அனுபவங்கள்

மீனம்பாக்கத்தான்

யாராவது விளக்கம் சொன்னால் இன்றிரவாவது தூங்குவேன். ஒன்றரை அடித் தொட்டி, தலையில் கொண்டை வைத்த ஒராண்டா ரகத் தங்கமீன் இரண்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டர், எல்லாம் வழக்கமானதுதான். தங்கையின் வளைகாப்புக்கு வீடு நிறைய ஆட்கள். ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மாவுக்குத் தொட்டியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. "வாயில்லா ஜீவனை இந்த அழுக்கிலா வைத்திருக்கிறாய்?" என்று திட்டிக்கொண்டே மீன்களை வாளிக்கு மாற்றினார். தண்ணீர் முழுவதையும் வாழைக்குக் கொட்டினார். கூழாங்கற்களை அரிசி களைவதுபோல் அலசி அலசி எடுத்தார். பழுப்பேறிய ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து வெளுக்க வைத்துவிட்டார். சோப்பு போடவே இல்லை, அதில் அவர் கவனமாகத்தான் இருந்தார். குழாய்த் தண்ணீரை நிரப்பி மீன்களை விட்டதும் வந்திருந்தவர்கள் எல்லாரும் தொட்டி முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

இரவு எல்லாரும் படுத்த பிறகு கூடத்தில் ஒரு சத்தம். ப்ளக், ப்ளக் என்று. விளக்கைப் போட்டால், பெரிய ஒராண்டா தலைக் கொண்டை தண்ணீருக்கு மேலே தெரிய, வாயை மேற்பரப்பில் வைத்துக் காற்றை விழுங்கிக்கொண்டிருக்கிறது. செவுள் மூடி இரண்டும் விரிந்து நிற்கின்றன. பம்ப் ஓடுகிறது, குமிழி வருகிறது, தண்ணீரோ அடிக்கல்லை எண்ணிவிடலாம் என்கிற தெளிவில் இருக்கிறது. விடிவதற்குள் அது போய்விட்டது. சின்னது பிழைத்துக்கொண்டது. அத்தனை சுத்தமான தண்ணீரில் அப்படி என்னதான் இருந்தது?

மாம்பலம்33

முதலில் பெரியம்மாவின் மேல் பழி போடுவதை நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் இருந்தது வெறும் கண்ணாடிக் குடுவை. ஃபில்டரும் கிடையாது, பம்பும் கிடையாது. ஞாயிறுதோறும் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவோம். மீன் ஆண்டுக்கணக்கில் இருந்தது, கொழுக்கவும் செய்தது. இங்கே யாராவது வந்து "கால்வாசிதான் மாற்ற வேண்டும்" என்று பாடம் நடத்தப் போகிறார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள்.

எனக்கு மறக்காதது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாற்றி வைத்திருந்த குவளையிலிருந்து மீன் துள்ளிக் குளியலறைத் தரையில் விழுந்து, நீர் போகும் சல்லடையை நோக்கி வழுக்கிக்கொண்டு போனது. நான் கத்தியதுதான் மிச்சம். பாட்டி குனியக்கூட இல்லை. ஈர முந்தானையை அதன் மேல் போட்டு, அப்படியே சுருட்டி எடுத்துக் குடுவையில் விட்டுவிட்டு, சமையலறைக்குத் திரும்பிப் போய்விட்டார். துணியில் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான் சேதாரம்.

தாமிரபரணிக்காரி

மீனம்பாக்கத்தாருக்கு விடை சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் சுத்தம் என்றதும் எங்கள் வீட்டுக் கதை நினைவுக்கு வந்தது. வேளச்சேரிக்குக் குடிவந்த புதிதில், இங்கே போர்வெல் தண்ணீர் உப்பு, மீனுக்கு ஆகாது என்று அப்பா முடிவுகட்டிவிட்டார். நாங்கள் குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரையே குடம் குடமாகப் பிடித்துத் தொட்டிக்கு ஊற்றிவந்தார். கருப்பு மூர் ரகத் தங்கமீன் ஒன்று, சிவப்பு ஒன்று. நாளாக ஆக இரண்டும் மூலையில் ஒடுங்கின. உடம்பில் வெண்மையாக வழவழப்புப் படர்ந்தது.

ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு கொளத்தூருக்குப் போனேன். தெரு முழுக்க மீன் கடைகள். ஒரு கடைப் பெரியவர் மருந்து எதுவும் எடுக்கவில்லை. பாட்டிலைத் திறந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார்! "சப்பென்று இருக்கிறதே, ஆர்.ஓ. தானே?" என்றார். நான் வாயே திறக்கவில்லை, அவருக்கு எப்படித் தெரிந்ததோ. பாதிக்குப் பாதி போர்வெல் தண்ணீர் கலக்கச் சொன்னார், ஆனால் ஒரே நாளில் அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக. ஃபில்டர் பக்கத்தில் ஒரு துணிப் பொட்டலத்தில் உடைத்த சிப்பியைப் போட்டு வைக்கச் சொன்னார். மீன்கள் தேறிவிட்டன. அப்பா மட்டும் இன்றுவரை அந்தப் பெரியவரை நம்புவதில்லை.

பழைய வாத்தியார்

வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். என் அனுபவம் சிறியது. பள்ளி ஆய்வகத் தொட்டியைக் கோடை விடுமுறைக்குப் பிறகு உதவியாளர் ஒரே மூச்சில் கழுவி நிரப்பினார், மதிய மணி அடிப்பதற்குள் நான்கு மீன்களும் மல்லாந்தன. தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் நிறத்தாள், தண்ணீர் மாற்றுமுன் நான் வழக்கமாகப் பார்ப்பது, அன்று மஞ்சளாக, அதாவது அமிலப் பக்கம் இருந்தது, பின்பு நீலத்துக்கு, அதாவது காரப் பக்கம் போயிருந்தது. அந்த நிறம்தான் எனக்கு முழுக் கதையையும் சொன்னது.

இப்போது மாம்பலத்தாருக்கு. நீங்கள் எதிர்பார்த்த பாடத்தை நடத்துகிறேன், ஆனால் உங்களுக்குச் சாதகமாகவும் கொஞ்சம் இருக்கும். தங்கமீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அந்த அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும், ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாது, மற்றது நஞ்சு. பி.எச்., அதாவது அந்த அமில-கார அளவு, காரப் பக்கம் ஏறினால் நஞ்சு வடிவம் கூடும். 7-லிருந்து 8-க்குப் போனால் ஏறக்குறைய பத்து மடங்கு. வற்றிய அளவுக்கு மட்டும் தண்ணீர் நிரப்பி மாதக்கணக்கில் ஓட்டும் தொட்டியில் பி.எச். மெல்ல இறங்கிக்கொண்டே போகும். அம்மோனியா சேர்ந்தாலும் தீங்கற்ற வடிவில் கிடக்கும், மீனும் அதற்குப் பழகிவிடும். அந்த நிலையில் பி.எச். கூடிய போர்வெல் தண்ணீரை நிறைய ஊற்றினால், கல்லிடுக்கில் மிஞ்சிய கழிவில் உள்ள அம்மோனியா ஒரே நேரத்தில் நஞ்சாகிறது. உங்கள் பாட்டி வாரந்தோறும் முழுத் தண்ணீரையும் மாற்றினார். அதனால் பழைய தண்ணீருக்கும் புதிய தண்ணீருக்கும் வேறுபாடு வளரவே வழியில்லை. நெடுங்காலம் மாற்றாமல் விட்டுவிட்டு ஒரே நாளில் முழுவதும் மாற்றுவதுதான் கொல்லும்.

மீனம்பாக்கத்தார் வீட்டில் இன்னும் இரண்டு சங்கதிகள் உண்டு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது செவுளைச் சுட்டுவிடும். மீன் மூச்சுக்கு மேலே வருவது அதனால்தான். அடுத்தது, அந்தப் பழுப்பு ஸ்பாஞ்ச். அந்தப் பழுப்பில்தான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். குளோரின் தண்ணீரில் அலசி வெளுக்கப் பிழிந்தால் அவற்றில் பெரும்பகுதி போய்விடும். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு அமுக்கு அமுக்கி எடுத்தால் போதும், வெளுக்க வேண்டாம். பிழைத்த சின்ன மீனுக்கு லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும். தீவனத்தைச் சில நாள் நிறுத்துங்கள், பட்டினியால் தங்கமீன் சாகாது. குளோரினுக்கு ஹைப்போ இருக்கிறது, சோடியம் தயோசல்பேட். முன்பு ஃபோட்டோ ஸ்டூடியோ இருட்டறையில் இருந்த அதே பொருள்தான், இப்போது மீன் கடையில் சொட்டு மருந்து பாட்டிலில் வருகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். மீன் தொட்டித் தண்ணீரை நாக்கில் வைக்காதீர்கள். தொட்டித் தண்ணீரை இறக்கும் ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கையை விடாதீர்கள். மைகோபாக்டீரியம் மரைனம் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது, காயத்தில் புகுந்தால் ஆறாத கட்டியாக மாதக்கணக்கில் நிற்கும். அந்தக் கொளத்தூர்ப் பெரியவருக்கு வணக்கம், ஆனால் வாளி நிறைய நீரில் ட்யூபை முழுக்கி நிரப்பி, முனையை விரலால் அடைத்து எடுத்தால் வாய் வைக்காமலே தண்ணீர் இறங்கும்.

மாம்பலம்33

இவ்வளவு நீளமாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் பாட்டி செய்தது சரி என்றுதானே வருகிறது? நன்றி ஐயா. குடுவை ஆகாது என்று அடுத்த பதிவில் தொடங்கிவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பழைய வாத்தியார்

குடுவை ஆகாதுதான். யார்க்‌ஷரில் டிஷ் என்ற தங்கமீன் 43 வயது வாழ்ந்து 1999-இல் இறந்தது. குடுவையில் சில ஆண்டு இருந்ததை ஆயுள் என்று எண்ணிக்கொள்கிறோம்.

பால்கனி வாளி

வாதம் நடக்கட்டும், என் வீட்டு வேடிக்கையைக் கேளுங்கள். குளோரின் போகட்டும் என்று பால்கனியில் இரண்டு வாளித் தண்ணீரைத் திறந்தே வைத்திருப்பது என் வழக்கம். மழைக்காலத்தில் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒரு பெண் வந்தார். படிக்கட்டு, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்புறம் எல்லாம் பார்த்துவிட்டு வாளிக்குள் டார்ச் அடித்தார். "என்னக்கா, கொசு வளர்க்கிறீர்களா?" என்றார். எட்டிப் பார்த்தால், வெளிச்சம் பட்டதும் நூல் நூலாக நெளிந்துகொண்டு அடியை நோக்கி இறங்குகின்றன. அடுக்களையில் தங்கமீன் இருக்கிறது, அதற்கான தண்ணீர் இது என்று சொன்னேன். அவர் ஏற்கெனவே மருந்து பாட்டிலைத் திறந்துவிட்டார். குடிநீரிலேயே ஊற்றுகிற மருந்துதான், ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மூடியைத் திருகிக்கொண்டே அவர் சொன்னார்: "சரி, இரண்டு மீனை இந்த வாளியில் விடுங்கள். நான் மருந்து ஊற்ற மாட்டேன்."

விட்டேன். அவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி முடிப்பதற்குள் வாளியில் ஒரு நூல் மிச்சமில்லை. பதிவேட்டில் என்ன எழுதிக்கொண்டு போனாரோ தெரியாது.

ஓர் இரவு வைத்தாலே குளோரின் பெரும்பாலும் போய்விடும். வாரக்கணக்கில் வைப்பவர்கள் வாளியை மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள். போர்வெல்காரர்களும் ஓர் இரவு வையுங்கள். அப்போதுதான் இறைத்த நீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும், இரும்பு இருந்தால் காலையில் துருவாக அடியில் படியும், அதை விட்டுவிட்டு மேலே உள்ளதை எடுத்துக்கொள்ளலாம்.

ஜூரோங் நாலாவது மாடி

பால்கனி வாளி அக்கா சொன்ன அந்த ஓர் இரவுக் கணக்கு சிங்கப்பூரில் பலிக்காது. இங்கே குழாய் நீரில் குளோராமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள், சேர்க்கிறார்கள், அது காற்றில் பறந்து போகாது. நான் ஊரிலிருந்து வந்த புதிதில், அம்மா தொலைபேசியில் சொன்னபடி வாளியில் வைத்துத்தான் ஊற்றினேன். மீன் ஒவ்வொரு முறையும் தண்ணீர் மாற்றிய மறுநாள் கண்ணாடியில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே திரியும். கடையில் கேட்டதும் விற்பவர் சீனத்தில் ஏதோ சொல்லிவிட்டு, ஒரு பாட்டிலை எடுத்து "குளோராமின்" என்ற சொல்லின் மேல் நகத்தால் கோடு போட்டுக் காட்டினார். குளோரின் என்று மட்டும் எழுதிய பாட்டிலை வாங்காதீர்கள், இரண்டும் எழுதியிருக்க வேண்டும். வெறும் ஹைப்போ குளோராமினை உடைக்கும், ஆனால் அதிலிருந்து வரும் அம்மோனியாவை அப்படியே விட்டுவிடும். வாத்தியார் ஐயா, இது சரிதானே?

பழைய வாத்தியார்

முற்றிலும் சரி, நான் சென்னையை மட்டும் நினைத்து எழுதினேன். கோடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே மாத நண்பகலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். தங்கமீன் குளிர்நீர் மீன்.

இரவுப் பணி

எல்லாரும் தண்ணீரையே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் மாற்றிய அன்றே தொட்டி பாதி காலியான கதை இது. ஃபில்டரைக் கழுவி, பம்பைத் தொட்டிக்குக் கீழே தரையில் வைத்திருந்தேன். இரவு மின்சாரம் போயிற்று. நான் பணி முடிந்து அதிகாலையில் கதவைத் திறந்தால் கால் நனைகிறது. பம்ப் நின்றதும், காற்று போகும் சின்ன ட்யூப் வழியாகவே தண்ணீர் திரும்பி வந்து, பம்பை நனைத்து, தரையில் இறங்கிக் கட்டிலுக்கு அடியில் போய்த் தேங்கியிருந்தது. மின்சாரம் அப்போதும் வரவில்லை, அது நல்லதாகப் போயிற்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மீனைப் பார்த்தேன். ஃபில்டரின் உயரத்துக்கு மிஞ்சிய தண்ணீரில் நிமிர்ந்தே நின்றுகொண்டிருந்தது.

பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, அலமாரியில் வையுங்கள். முடியாவிட்டால் ட்யூபின் நடுவில் ஒருவழி வால்வு மாட்டுங்கள், எந்த மீன் கடையிலும் கிடைக்கும். மாட்டும்போது அம்புக்குறி தொட்டிப் பக்கம் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் எலெக்ட்ரீஷியன் முதலில் திருப்பி மாட்டிவிட்டு, குமிழி வரவில்லை, பம்ப் கெட்டுவிட்டது என்று சொல்லிப் புதுப் பம்புக்கும் பணம் கேட்டார்.