எஸ்எஸ்டியைப் பீரோவில் பூட்டி வைத்தால் ஒரு வருஷம்தானா?

வேலூர் ஸ்டூடியோ: குடும்பக் குழுவில் ஒருவர் எழுதுகிறார்: "எஸ்எஸ்டி டிரைவில் டேட்டா எல்லாம் சிப்பில், அசையும் பாகம் கிடையாது. கல்யாண ஃபோட்டோவை அதில் போட்டுப் பீரோவில் பூட்டுங்கள், 20 வருஷம் நிற்கும்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கரண்ட் இல்லாமல் ஒரு வருஷம்தான் என்று, சிப்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரமே சொல்கிறது. ஊரார் வீட்டு நினைவுகளோடு விளையாடாதீர்கள்.

பிட்டுப்பாண்டி: மறுபடியும் அந்த ஒரு வருஷமா? ஜெடெக்கின் அந்தத் தர ஆவணம், ஜேஇஎஸ்டி 218-ஐ ஒருமுறையாவது திறந்து பாருங்கள். எழுதி எழுதி ஆயுள் தீர்ந்த டிரைவ்கூட, 30 டிகிரியில், கரண்ட் இல்லாமல் குறைந்தது ஒரு வருஷம் தாங்க வேண்டும் என்கிறது. ஆயுள் தீர்ந்த டிரைவ்! 2015-இலும் ஜெடெக்கின் வெப்பநிலை அட்டவணையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு "ஏழு நாளில் டேட்டா போய்விடும்" என்று கூச்சல் போட்டார்கள்.

வேலூர் ஸ்டூடியோ: 30 டிகிரியா? மே மாதம் எங்கள் ஊரில் பீரோ கைப்பிடியே சுடும். அதே அட்டவணையில் 5 டிகிரி ஏறினால் காலம் ஏறக்குறைய பாதியாகிறது. அப்போது ஒரு வருஷம்கூடக் கிடையாது.

பிட்டுப்பாண்டி: தேய்ந்த டிரைவுக்கு! 2021-இல் இழுப்பறையில் போட்ட என் டிரைவை 2024-இல் செருகினேன். 41,000 கோப்புகள், ஒரு பிட் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண் அத்தனையும் பொருந்தியது.

வேலூர் ஸ்டூடியோ: ஒரே ஒரு டிரைவை வைத்துக்கொண்டு ஊருக்கே தீர்ப்பு சொல்கிறீர்கள். என் வாடிக்கையாளர் 14 மாதம் கழித்துக் கொண்டுவந்த கியூஎல்சி டிரைவ் (ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் எஸ்எஸ்டி வகை) காப்பி ஆகவே மறுத்தது. மீட்பு மென்பொருள் போட்டு எடுத்தால், படத்தின் மேல்பாதியில் மாலையும் மணமக்களும், கீழ்பாதி வெறும் சாம்பல் நிறம். அந்த அம்மா என் கடையிலேயே அழுதார்.

மின்மினி: எஸ்எஸ்டி சிப்பில் உள்ள குட்டிக் குட்டி செல்லுக்குள் எலக்ட்ரான்களை அடைத்து டேட்டாவை வைப்பதுதான் விஷயம். சுற்றியுள்ள காப்புப் படலம் ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் நைகிறது. எலக்ட்ரான் மெல்லக் கசிகிறது. கியூஎல்சி ஒரே செல்லில் 16 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும், கொஞ்சம் கசிந்தாலும் குழம்பும். சாம்சங் 840 ஈவோ எஸ்எஸ்டியில் பழைய கோப்புகள் நத்தை வேகத்தில் வந்தது 2014-இல் எல்லோரும் பார்த்ததுதானே. முதலில் பேக்கப் என்று எதைச் சொல்கிறோம்? ஒரு பிரதியா, மூன்றா?

பிட்டுப்பாண்டி: 840 ஈவோவில் வேகம் குறைந்தது, டேட்டா அழியவில்லை. அதற்கும் ஒரு வருஷத்துக்கும் என்ன சம்பந்தம்?

தமிழ்க்கணிமை: 'எஸ்எஸ்டி' என்று எழுதக் கூசவில்லையா? திண்மநிலைச் சேமிப்பகம்.

பிட்டுப்பாண்டி: போன மாதம் யூபிஎஸ் பேச்சையும் இப்படித்தான் கெடுத்தீர்கள். கடைக்காரரிடம் போய் 'திண்மநிலை' கேளுங்கள், ஹார்ட்வேர் கடைக்கு வழி காட்டுவார்.

தமிழ்க்கணிமை: கணினி என்ற சொல்லுக்கும் அன்று இப்படித்தான் சிரித்தார்கள்.

வேலூர் ஸ்டூடியோ: ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு பிரதி வைத்து வருஷம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். 2012 கல்யாணம்கூட இன்றும் திறக்கிறது.

பிட்டுப்பாண்டி: ஹார்ட் டிஸ்க்கை மட்டும் வருஷாவருஷம் ஓட்டுவீர்கள், எஸ்எஸ்டியைப் பீரோவில் பூட்டிவிட்டுக் குறை சொல்வீர்கள். அந்தக் கியூஎல்சி எவ்வளவு தேய்ந்திருந்தது? டிரைவ் தன் தேய்மானத்தைத் தானே பதியும் ஸ்மார்ட் ரிப்போர்ட் எடுத்தீர்களா? அதைப் போடுங்கள், அப்புறம் ஒரு வருஷம் பற்றிப் பேசலாம்.

வேலூர் ஸ்டூடியோ: அழுத அம்மாவிடம் ரிப்போர்ட் கேட்கச் சொல்கிறீர்களா?

பிட்டுப்பாண்டி: ரிப்போர்ட் இல்லை. அதானே?