திரையில் மடிப்புக் கோடுகள்: உங்களுக்கு எந்தக் கலர் சரிவந்தது?

வெள்ளவத்தை டீச்சர்:
சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரிகாமி (கடதாசி மடிப்புக் கலை) படங்களை இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் நானே கீறிக் குரூப்பில் போடுவேன். போன மாதம் ஒரு பிள்ளையின் அம்மா, இணையத்தில் எடுத்த மடிப்புக்கோட்டுப் படம் (விரித்த கடதாசியில் எல்லா மடிப்பையும் ஒன்றாகக் காட்டுவது) ஒன்றைக் காட்டி, "டீச்சர், இதில பாதி மடிப்பைக் காணேல்லையே" என்றா. மலை மடிப்பு (முகடாக மேலெழும்புவது) சிவப்பு, பள்ள மடிப்பு (உள்ளே குழிவது) நீலம் என்ற வழமையான கலர்தான். ஆனால் பின்னணி இல்லாத கோப்பு; அவவின் போனோ டார்க் மோடில். கறுப்பில் நீலக் கோடுகள் அப்படியே அமிழ்ந்துவிட்டன.

கோட்டுக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை, அதாவது மாறுபாட்டை, கணக்குப் பார்த்தேன். சுத்த நீலத்துக்கு வெள்ளையில் 8.6:1 மாறுபாடு, கறுப்பில் வெறும் 2.4:1. சுத்தச் சிவப்புக்கு வெள்ளையில் 4:1, கறுப்பில் 5.25:1. இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.1 (2018) இப்படியான கோடுகளுக்குக் குறைந்தது 3:1 கேட்கிறது. வெள்ளையில் முந்துகிற நீலம் கறுப்பில் தேறவே இல்லை!

இப்போது படத்துக்குள்ளேயே வெளிர் சாம்பல் சதுரம் ஒன்றைப் பின்னணியாக வைத்துத்தான் அனுப்புகிறேன். வெள்ளைப் பின்னணி எனக்குப் பிடிப்பதில்லை. கடதாசியின் வெள்ளைப் பக்கம் மேலே வந்ததும் எது கடதாசி, எது வெளி என்று பிள்ளைகள் தடுமாறுவார்கள்.

கொட்டாஞ்சேனை:
எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது, சிவப்பே இருட்டாகத்தான் தெரியும். கறுப்பில் சிவப்புக் கோடு என்றால் உங்கட 5.25 எனக்கு உதவாது அக்கா. ஜப்பானிய ஒரிகாமிக் கலைஞர் யோஷிசாவா அகிரா வகுத்த குறியீட்டுக்குக் கலரே தேவையில்லை: பள்ளத்துக்குச் சிறுகோடுகள், மலைக்குச் சிறுகோடும் புள்ளியும். எல்லாவற்றையும் முழுக்கோடாக்கிப்போட்டு, கலரைப் பார்த்து மடி என்கிற படங்களைக் கண்டால் எரிச்சல்தான். கலர் வேணுமெண்டால் நீலமும் கடும் செம்மஞ்சளும் போடுங்கோ, எனக்கு வடிவாத் தெரியும்.

பம்பலப்பிட்டி:
மல்டிமீடியா புரொஜெக்டரில் போடுகிறவர்களுக்கு ஒன்று. பின்னேர வெயில் வருகிற மண்டபத்தில் வெளிர் சாம்பலும் வெள்ளையும் ஒன்றுதான். அங்கே நான் பின்னணியை விட்டுவிட்டுக் கடதாசிக்குத்தான் கலர் கொடுக்கிறேன். கடும் நீலம் நிரப்பினால் மேலே கீறும் கறுப்புக் கோடு தெரியாது, மஞ்சள் திரையில் வெளிறிவிடும். நடுத்தர ரோஸ் சரிவந்தது. கோட்டையும் தடிப்பாக்கினேன்.

வெள்ளவத்தை டீச்சர்:
கொட்டாஞ்சேனைத் தம்பி, படிப்படியான படங்களுக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் முழு மடிப்புக்கோட்டுப் படத்தில் சில கோடுகள் அரிசியளவுதான் இருக்கும். அதில் சிறுகோடும் புள்ளியும் எங்கே அடங்கும்? அங்கே மலைக்குத் தடித்த செம்மஞ்சள், பள்ளத்துக்கு மெல்லிய நீலம் என்று தடிப்பையும் மாற்றிப் பார்க்கிறேன். கலர் தெரியாவிட்டாலும் தடிப்புக் காட்டிக்கொடுக்கும்.

கொட்டாஞ்சேனை:
அது நல்ல யோசனை. பெருப்பிச்சாலும் கோடு மங்காத எஸ்விஜி கோப்பாகப் போடுங்கோ அக்கா, என்ர போனில் பெருப்பிச்சுப் பார்த்துச் சொல்லுறன்.