மேடையில் மெடேயா, வீட்டில் மௌனம்: பண்டைய ஏதென்ஸில் பெண்களின் நிலை

கேள்வி:
கி.மு. 431-இல் ஏதென்ஸில் அரங்கேறிய யூரிப்பிடீஸின் நாடகத்தில், ஒருமுறை பிள்ளை பெறுவதைவிட மூன்று முறை போர்க்களத்தில் நிற்பதே மேல் என்கிறாள் அதன் நாயகி மெடேயா. அதே ஆண்டின் குளிர்காலத்தில், போரில் மாண்டோருக்கான இரங்கல் உரையில், ஆண்களிடையே புகழ்ச்சியாகவோ இகழ்ச்சியாகவோ பேசப்படாதிருப்பதே பெண்ணுக்குப் பெருமை என ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ் கூறியதாக வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். ஒரே நகரில் இவ்விரண்டும் எப்படிப் பொருந்தின?

மறுமொழி 1:
மெடேயாவாக முகமூடி அணிந்து பேசியவரும் ஆண்தான் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். மேடையில் நாம் கேட்பது பெண்ணின் குரலன்று. பெண்ணைப் பற்றி ஆண்கள் கொண்டிருந்த வியப்பும் அச்சமுமே. சட்டமோ வேறு மொழி பேசியது. தந்தை, கணவன், மகன் என ஏதேனும் ஓர் ஆணின் காப்பில்தான் பெண் வாழ வேண்டும். ஒரு மெடிம்னோஸ், அதாவது ஏறத்தாழ 52 லிட்டர், வாற்கோதுமையின் மதிப்புக்கு மேற்பட்ட எந்த ஒப்பந்தத்தையும் அவள் தானாகச் செய்ய முடியாது. உடன்பிறந்த ஆண் இல்லாத மகளை, சொத்து குடும்பத்தைவிட்டுப் போகாதிருக்கும் பொருட்டு, தந்தைவழி நெருங்கிய உறவினர் மணக்க உரிமை கோரலாம். பெரும்பாலும் அவர் சிற்றப்பனாகவோ பெரியப்பனாகவோ இருப்பார். இத்தனைக்கும், பெரிக்ளீஸே கொண்டுவந்த கி.மு. 451 சட்டத்தின்படி, தாயும் ஏதென்ஸ் குடிமகனின் மகளாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை!

மறுமொழி 2:
ஏதென்ஸை மட்டும் வைத்துக் கிரேக்கம் முழுவதையும் எடைபோடுவது சரியன்று. ஸ்பார்ட்டாவில் சிறுமிகளுக்கும் உடற்பயிற்சி இருந்தது. அந்நாட்டு நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு பெண்களிடம் இருப்பதாக அரிஸ்டாட்டில் குறைபட்டுக்கொண்டார். கிரீட் தீவின் கோர்ட்டின் நகரில் கல்லில் வெட்டப்பட்ட சட்டம், மகனின் பங்கில் பாதியை மகளுக்கு அளித்தது. மணமுறிவின்போது மனைவி தன் சொத்தைத் தானே எடுத்துச் செல்லலாம். ஏதென்ஸிலும் வீட்டுக்குள் அடைந்து கிடப்பது வசதியுள்ளோரால் மட்டுமே இயன்றது. ஏழைப் பெண்கள் சந்தையில் நாடா விற்றார்கள், பிறர் பிள்ளைகளுக்குப் பாலூட்டினார்கள். அடிமைப் பெண்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
சட்டத்தைத் தேடாமல் நாடகத்தையே சான்றாகக் கொண்டது என் பிழை. பேசப்படாதிருப்பது என்ற அந்த விதிக்கு ஏதென்ஸில் விலக்கே இல்லையா?

மறுமொழி 1:
சமயப் பணிகளில் விலக்கு இருந்தது. வழக்காடியவர்கள், உயிரோடிருக்கும் மதிப்புக்குரிய குடும்பப் பெண்ணைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பேசினார்கள். ஆனால் ஏதென்ஸின் கோயில் குன்றான அக்ரோபொலிஸில் ஏதெனா தேவியின் பூசாரியாக இருந்த லிசிமாக்கே, 64 ஆண்டுகள் அப்பணியில் நீடித்து, சிலையாகவும் வடிக்கப்பட்டார்.