டை அடிக்கிற கடைத் தண்ணிய வடிகட்டுறது: நேர்ல பார்த்த கூத்த இங்க போடுங்க

கரிமூட்டை_காங்கேயம்

பீளமேடு பக்கம் அஞ்சு சேர் போட்ட பார்லர். பின்னால நீல டிரம், உள்ள 25 கிலோ தொட்டிக்கரி (தேங்காய்ச் சிரட்டையில செஞ்ச ஆக்டிவேட்டட் கார்பன்), அடியில குழாய். டை அலசுன தண்ணி கரி வழியா இறங்கி அடிக்குழாயில வரும். குழாயத் திறந்து வெள்ளைப் பீங்கான் கப்புல புடிச்சுக் காட்டுனாங்க. சிறுவாணித் தண்ணியாட்டம் இருந்துச்சு. கப்ப எடுத்து மதில் மேல வெச்சாச்சு. பொழுதோட வந்து பார்த்தா வரக்காப்பி.

அந்தக் கப்பு இன்னும் கண்ணுலயே நிக்குது. கருப்பு டையில இருக்கிற பிபிடிக்கு, அதாவது பாரா பினைலின் டைஅமினுக்கு, கரைஞ்சிருக்கும்போது பெருசா நிறம் கிடையாது. காத்துபட்டு ஆக்சிஜன் சேரச் சேரத்தான் கருக்கும். நிறம் போச்சுன்னா சாயம் போச்சுன்னு அர்த்தம் இல்ல. இந்தக் கடையில ரெண்டு தப்பு சேர்ந்துக்கிச்சு. ஒண்ணு, டெவலப்பர, அதாவது டையோட கலக்குற பெராக்சைடக் கொல்றதுக்கு மெட்டாபைசல்பைட்ங்கிற உப்பக் கையளவுக்குக் கொட்டியிருந்தாங்க. அது இருக்கிற நிறத்தையும் வெளுத்து, பிபிடி கருக்காமயும் புடிச்சு வெச்சுக்கும். ரெண்டு, மூணு பேசினும் நேரா டிரம்முக்கு. பேசினுக்கு நிமிஷத்துக்கு 6 லிட்டர்னு வெச்சா 18 லிட்டர். கரி இருக்கிறது 50 லிட்டர் இடம். மூணு நிமிஷம் கூட நிக்கிறதில்ல. குறைஞ்சது 20 நிமிஷமாவது கரியோட நிக்கணும்.

கரி விக்கிறவங்க அயோடின் நம்பர் 1000னு, அதாவது கரி எவ்வளவு அயோடின உறிஞ்சும்னு சீட்டக் காட்டுவாங்க. அயோடின் சின்ன மூலக்கூறு. ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருத்துப்போன சாயத்துக்கு அந்த நம்பர் பேசாது. பெரிய சாய மூலக்கூற எவ்வளவு புடிக்கும்னு காட்டுற மெத்திலீன் புளூ நம்பரையும் கேளுங்க.

சாயத்தொட்டி

மேல சொன்ன அண்ணா மெட்டாபைசல்பைட் மேல பழியப் போட்டுட்டாரு. அளவு தெரியாமக் கொட்டுனா எதுதான் கெடுக்காது? 60 மில்லி டெவலப்பர், 6 சதவீதம், அதாவது 20 வால்யூம்னா உள்ள இருக்கிற பெராக்சைடு 3.6 கிராம். பாதி முடியிலயே தீர்ந்துதுன்னா மிச்சம் 1.8. ஒரு கிராம் பெராக்சைடுக்கு மெட்டாபைசல்பைட் 2.8 கிராம். ஆகத் தலைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன் கணக்கு. கையளவுக்குப் போட்டது அவங்க தப்பு.

அதப் போடாம விட்டா என்ன ஆகும்னு அவிநாசி ரோட்டுல ஒரு கடையில பார்த்தது: டிரம்முக்குள்ள கரி தோசமாவாட்டம் பொங்கி மேல வந்து நின்னுச்சு. கரி பெராக்சைட ஒடைச்சு ஆக்சிஜனா விடும். அந்த 1.8 கிராம்ல இருந்து மட்டும் அரை லிட்டருக்கு மேல வாயு. எட்டுத் தலைன்னா அஞ்சு லிட்டர். அது கரிக்கு நடுவுல கூடு கட்டிக்கும், தண்ணி ஓரமாப் பொந்து போட்டு இறங்கிரும். கரி புதுசு, தண்ணி பழசாவே வரும்.

திருப்பூர்ல பனியன் துணிய வெளுத்த பொறவு போடற பெராக்சைடு கில்லர், அந்த கேட்டலேஸ் என்சைம், இங்கயும் நல்லா வேலை செய்யுது. கொதிக்கிற தண்ணியில போடக்கூடாது, பிஎச் 6 முதல் 8க்குள்ள இருக்கணும், அவ்வளவுதான். ஆனா முடிய வெளுக்கிற பிளீச் பவுடர்ல இருக்கிற பெர்சல்பேட்ட கேட்டலேஸ் தொடாது. ஹைலைட் போடற கடைன்னா மெட்டாபைசல்பைட் வேணும்தான்.

அண்ணா சொன்னதுல ஒண்ணு சரி: மெட்டாபைசல்பைட் பிபிடியக் கருக்காமப் புடிச்சு வெச்சுக்கும். அதனால வரிசை முக்கியம். சாயந்தரம் சேர்ந்த தண்ணிய உடனே கொல்லாதீங்க. ராத்திரி பூரா அப்படியே விடுங்க. மிச்சமிருக்கிற பெராக்சைடே மிச்சமிருக்கிற பிபிடியக் கருக்கித் தீர்த்துரும். காலையில பெராக்சைடு ஸ்ட்ரிப் நனைச்சுப் பார்த்து, நிறம் மாறுனா மட்டும் கில்லர். அப்ப கப்பு பொய் சொல்லாது.

புதன்கிழமை

செவ்வாய் கடை லீவு. புதன் காலையில ஷட்டரத் தூக்குனா அழுகுன முட்டை. பெருந்துறையில ஒரு கடையில வாடிக்கையாளரே திரும்பிப் போனாங்க. சாக்கடை அடைப்புன்னு ரெண்டு தடவ ஆள விட்டுக் குத்தியாச்சு. சாக்கடையில ஒண்ணுமே இல்ல, நாத்தம் கரி டிரம்முல. பெர்சல்பேட், மெட்டாபைசல்பைட் எல்லாம் கடைசியில சல்பேட்டாத்தான் நிக்கும், ஷாம்பு தீனி ஆகுது, காத்து இல்லாம 36 மணி நேரம் மூடிக் கிடந்தா கிருமி அத ஹைட்ரஜன் சல்பைடா மாத்திரும். திங்கள் ராத்திரி அடிக்குழாயத் திறந்து டிரம்ம வடிச்சு விட்டுட்டுப் போனா போதும். நெம்ப யோசிக்க வேண்டியதில்ல.

டிரிப்பர்_கோபி

பார்த்தது சின்ன விஷயந்தான். ஊதா, நீலம்னு கலர் போடற கடை. சாயப்பட்டறைக் கழிவுல நிறம் எடுக்கப் போடற டிகலரன்ட் கேன் ஒண்ணு வாங்கிட்டு வந்து டிரம்முல ஊத்துனாங்க. வெள்ளையாத் தயிராட்டம் திரிஞ்சு அடியில இறங்குச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். மேல நின்ன தண்ணி? ஊதா ஊதாவாவே இருந்துச்சு.

திரிஞ்சது ஷாம்புங்க, சாயம் இல்ல. டிகலரன்ட் பாசிட்டிவ் சார்ஜ். பனியனுக்குப் போடற ரியாக்டிவ் சாயம் நெகட்டிவ், அதனால புடிக்குது. ஷாம்பு நுரையும் நெகட்டிவ். ஆனா தலைக்குப் போடற இந்த ஃபேஷன் கலர் பெரும்பாலும் பேசிக் டைங்க, அதுவும் பாசிட்டிவ். ஒண்ண ஒண்ணு தள்ளிக்கும். 2011ல சாயப்பட்டறைகள மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு வந்த பொறவு எங்க பக்கம் டீக்கடையில கூட ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது ஒரு சொட்டுக் கழிவும் வெளிய விடாதது பத்திப் பேசறாங்க. அந்தப் பாடத்த அப்படியே சலூனுக்குத் தூக்கிட்டு வந்தா இப்படித்தான். இதுக்கு வேணுங்கிறது பென்டோனைட் களிமண், அதுதான் நெகட்டிவ். எலக்ட்ரிசியன் எர்த் குழிக்குப் போடுவாரே அதேதான், ஆனா கிராஃபைட்டும் உப்பும் கலந்த எர்த்திங் காம்பவுண்டு வாங்கிராதீங்க, வெறும் பென்டோனைட் வேணும். லிட்டருக்கு 1 கிராம். முந்தின நாளே தனியா ஊறப்போட்டுக் கூழாக்கி ஊத்தணும். பொடியாத் தூவுனா கட்டி கட்டியா உருண்டு உள்ள காஞ்சே கிடக்கும். கால் மணி கலக்கி, அப்பறம் படிகாரம். 100 கிராம் படிகாரத்த ஒரு லிட்டராக் கரைச்சு வெச்சா, அதுல 1 மில்லி ஒரு லிட்டர் கழிவுக்கு 100 மில்லிகிராம். அஞ்சு பாட்டில் வரிசையா வெச்சு 1, 2, 3, 4, 5 மில்லி போட்டுப் பாருங்க. எதுல முதல்ல தெளியுதோ அதுதான் அளவு. கூடப் போட்டாத் திரும்பக் கலங்கும்.

கேக்காமயே இன்னொண்ணும் சொல்லிர்றேன். மூணு பேருமே முழுத் தண்ணியயும் வடிகட்டப் பாக்கறீங்க. அது ஆகாத வேலை. கடைக்கு ஒரு நாளைக்கு 300 லிட்டர் போகும். டை போட்ட தலையோட முதல் அலசல் 4 லிட்டர்லதான் சாயத்துல பெரும்பங்கு இருக்குது. எட்டுத் தலைக்கு 32 லிட்டர். அத மட்டும் பிடிங்க. பேசின் பைப்புல டீ இணைப்பு போட்டு ரெண்டு பால் வால்வு வெக்கலாம்னு தோணும். வெக்காதீங்க, நோம்பி நேரத்துல யாரும் வால்வத் திருப்ப மாட்டாங்க, டிரம் பூரா ஷாம்பு ஆயிரும். பேசின் அடியில ஒரு பக்கெட், பக்கெட்டுல 4 லிட்டருக்குக் கோடு. கோடு வந்ததும் பக்கெட்ட நகத்திட்டா மிச்சம் சாக்கடைக்கு. டை கலக்குன கிண்ணத்தக் கழுவறதுக்கு முன்ன நியூஸ் பேப்பர்ல வழிச்சு எடுத்துருங்க. ஒரு தலை அலசல்ல வர்றத விட அதுல ஒட்டியிருக்கிறது அடர்த்தி.

இந்த 32 லிட்டருக்கு டிரம் கரியே வேண்டாம். 4 அங்குல பிவிசி பைப், ரெண்டு அடி நீளத்துல ரெண்டு துண்டு. துண்டுக்கு 5 லிட்டர் கரி, ரெண்டரைக் கிலோ. அடியில உள்ள நுழைஞ்சு மேல வழிஞ்சு அடுத்த துண்டுக்கு அடியில போகணும், அப்பத்தான் வாயு தண்ணியோட மேல ஏறிரும். முதல் துண்டோட தலையில டீ போட்டு அரை அங்குலப் பைப்ப டிரம் மட்டத்துக்கு மேல தொறந்து விடுங்க, மூச்சுக்குழல். டிரம்ம 5 அடி ஸ்டாண்டுல வெச்சு, ஏர் கூலருக்குப் போடற குட்டி மோட்டார்ல ஏத்திக்கலாம். வேகத்தக் கட்டுப்படுத்த கேட் வால்வு ஆகாது. அவ்வளவு சின்னதாத் தொறந்தா அரைமணியில அடைச்சுக்கும். தோட்டத்துச் சொட்டுநீர் டிரிப்பர் போடுங்க, கடைசி வாயில, கரிக்கு அப்பறம். 4 லிட்டர்னு போட்டிருக்கிறது ஒரு கிலோ பிரஷர் கணக்கு. 3 அடி உயரத்துக்கு அது மணிக்கு ஒண்ணேகால் லிட்டர்தான் விடும். மூணு டிரிப்பர் பக்கம் பக்கமாப் போட்டா 4 லிட்டர். பிசி டிரிப்பர், அதாவது பிரஷர் மாறுனாலும் ஒரே அளவு விடறது, வாங்காதீங்க, இந்த உயரத்துக்கு அது சரியா வேலை செய்யாது. 32 லிட்டர் 8 மணி நேரம் எடுக்கும், கரியோட ரெண்டரை மணி நேரம் நிக்கும். முதல் துண்டுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல ஒரு குழாய் விட்டு அங்கதான் கப்புப் பரிசோதனை. அங்க நிறம் வந்துருச்சுன்னா முதல் துண்டுக் கரிய மாத்தி, ரெண்டாவத முதலாவதா வெச்சுருங்க.

பவானி_பிளம்பர்

எதுக்கு இவ்வளவு? பிளீச்சிங் பவுடர் ஒரு கரண்டி. நிறம் ஒரு நிமிஷத்துல போயிருது, கண்ணால பார்த்தது.

சாயத்தொட்டி

அதே கரண்டிய ஈரோட்டுல ஒரு கடையில போட்டதும் பார்த்தது. டைக்குள்ள அம்மோனியா, பிளீச்சிங் பவுடர்ல குளோரின், ரெண்டும் சேர்ந்தாக் குளோரமின் வாயு. மூணு பேரு கண்ணக் கசக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனாங்க. பெராக்சைடும் மிச்சம் இருந்ததால டிரம் நுரைச்சு வழிஞ்சுது. நிறம் போச்சு, பிபிடி குளோரின் ஏறுன வேற பொருளாக் கிடக்குது. அது பழசவிட மேல்னு சொல்ல முடியாதுங்க்ணா. தயவு செஞ்சு இத யாருக்கும் சொல்லிக்குடுக்காதீங்க.

கெரட்டின்_அக்கா

எல்லாரும் டையவே பேசறீங்க. பொள்ளாச்சியில ஒரு கடையில மாத்தி ஒரு வாரம் ஆகாத கரியத் தொட்டுப் பார்த்தப்ப எண்ணெய்ச்சட்டி துடைச்ச துணி மாதிரி வழுக்குச்சு. கண்டிஷனர்ல வர்ற சிலிக்கோன். கரி மேல தோல் கட்டிரும், உள்ள ஓட்டை எல்லாம் காலியாவே இருந்தும் சாயம் நுழையாது. ஊறவெச்ச பென்டோனைட்டும் படிகாரமும் முதல்ல ஓடுனா சிலிக்கோனும் கூடவே இறங்கிரும். அதனால கோபி தம்பி சொன்ன பென்டோனைட் ஃபேஷன் கலர் கடைக்கு மட்டும் இல்ல, எல்லாக் கடைக்கும் வேணும்.

முடி ஸ்ட்ரெய்ட்டனிங் தண்ணி தனிக்கதை. அதுல முடிய நேராக்குற தையோகிளைகாலேட் இருக்குது. படிகாரம் போட்டு பிஎச் இறங்குனதும் நாத்தம் தூக்கும். அந்த வேலைக்கே வர்ற நியூட்ரலைசர்ல பெராக்சைடு இருக்குது, அந்த அலசலயும் இதே பக்கெட்டுல சேர்த்து அரைமணி விட்டாத் தையோ தீர்ந்துரும். கெரட்டின் கிரீம்ல வர்ற ஃபார்மால்டிஹைட கரி கிட்டத்தட்ட விட்டுரும், ரொம்பச் சின்ன மூலக்கூறு, தண்ணியிலயே இருக்கப் பிரியப்படும். அதுக்கு ஃபில்டர் தேடாதீங்க, ஃபார்மால்டிஹைட் இல்லாத கிரீம்தான் வழி.

பவானி_பிளம்பர்

சரிங்க, பிளீச்சிங் பவுடர் தப்பு. மிச்சம் 270 லிட்டர் ஷாம்புத் தண்ணிய தென்னைக்கு விடலாங்களா? செப்டிக் டேங்குக்கு விட்ட ஒரு கடையில டேங்க் வேலையே செய்யாமப் போச்சு.

டிரிப்பர்_கோபி

கண்டிஷனர்ல இருக்கிற செட்ரிமோனியம் கிருமிநாசினி ஜாதி. டேங்குல இருக்கிற நல்ல கிருமியயும் கொல்லும். நேரா மரத்துக்கு வேண்டாம், கல்வாழைப் பாத்தி வழியா விடுங்க. முதல் அலசல் அதுல ஒரு சொட்டுக் கூட வரக்கூடாது. 20 எம்எம் ஜல்லி, 2 அடி ஆழம், 8 அடிக்கு மூணரை அடி, அடியில தார்ப்பாய். ஜல்லிக்கு நடுவுல நிக்கிற இடம் 600 லிட்டர் கிட்ட, ஆக ரெண்டு நாள் தங்கும். தண்ணி மட்டம் ஜல்லிக்கு ரெண்டு அங்குலம் கீழ இருக்கணும், இல்லாட்டிக் கொசு. முன்னால முடி வலை கட்டாயம்: ஒரு மில்லிமீட்டர் எஸ்எஸ் மெஷ், அதுக்கு மேல பழைய நைலான் சாக்ஸ், தினம் உதறணும். முடி ஒருக்கா ஜல்லிக்குள்ள போச்சுன்னா மண்வெட்டி எடுத்துத் தோண்ட வேண்டியதுதான்.

தீர்ந்த கரியயும் பென்டோனைட் சேத்தயும் பாத்தியில கொட்டிராதீங்க, அடுப்புலயும் போடாதீங்க. மூடி போட்ட டப்பாவுல காயவெச்சுச் சேர்த்து வைங்க. கையில நைட்ரைல் உறை இல்லாமத் தொடக்கூடாது. பிபிடி கருத்துத் திரண்டா வர்ற பொருள் தோலுக்கு பிபிடியவிட லேசானதில்ல.

கரிமூட்டை_காங்கேயம்

டிரிப்பர் யோசனை சரி. ஒண்ணு விட்டுட்டீங்க. புதுக்கரிய 24 மணி நேரம் ஊறவெச்சு, கழுவுற தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசணும். ஊறாத கரிக்குள்ள காத்து இருக்கும், பெராக்சைடு வாயு வர்றதுக்கு முன்னயே மிதக்கும். அலசாத கரியோட தூள் போய் உக்கார்ற முதல் இடம் அந்த மூணு டிரிப்பரோட புழைதானுங்க. தொட்டிக்கரி புதுசுல பிஎச்சையும் ஏத்தும், முதல் ரெண்டு நாள் தண்ணிய வெளிய விடாமத் திரும்ப டிரம்முக்கே ஊத்துங்க.