உப்புக்கறி சாப்பிட்டால் வேர்ப்பது உடம்புச் சூட்டினாலா?

காரைக்குடி மெஸ்காரி:
செக்காலைப் பக்கம் சின்ன மெஸ் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரமிளகாய் போட்ட உப்புக்கறியும் மிளகுக் கோழியும் உண்டு. சாப்பிட வருகிறவர்களுக்கு நெற்றி, மேலுதடு, மண்டையெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னொரு கரண்டி கேட்கிறார்கள். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாலும் அதே கதைதான். "உடம்பு சூடாயிடுச்சு ஆச்சி" என்பார்கள். பன்னிரண்டாவது படிக்கும் என் மகன் சும்மா இருப்பானா? சாப்பிட்டு வேர்த்த கையோடு அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "97.8தாம்மா, சூடே இல்லை" என்கிறான். சூடு இல்லையென்றால் வேர்வை எதற்கு? வருஷக்கணக்காக இதே கறியைச் சாப்பிடும் எங்கள் ஐயாவுக்கு மட்டும் ஏன் ஒரு சொட்டுகூட வருவதில்லை?

பள்ளத்தூர் தம்பி:
காரம் என்றாலே சூடுதானே ஆச்சி. ரெண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் அடங்கிவிடும். பார்சல் உண்டா?

தேவகோட்டை வாத்தியார்:
உங்கள் மகன் சொல்வதுதான் சரி ஆச்சி. முப்பது வருஷம் உயிரியல் நடத்தியவன் நான், இப்படி அளந்து பார்க்கிற பையன் கிடைப்பது அபூர்வம்.

நம் உடம்பு 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருந்தாக வேண்டும். அதைக் கவனிப்பது மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். சூடு ஏறுகிறது என்று சேதி வந்தால் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களை விரிக்கும், வேர்வைச் சுரப்பிகளை முடுக்கும். வேர்வை ஆவியாகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடும்.

சேதி கொண்டுபோகிற நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்று ஒரு புரதக் கதவு இருக்கிறது. சுமார் 43 டிகிரிக்கு மேல் சுட்டால் திறக்கும். மிளகாயில் உள்ள கேப்சைசின் பட்டால் சூடே இல்லாமலும் திறந்துகொள்ளும். திருடன் வராமலேயே நாய் குரைக்கிற மாதிரிதான். மூளைக்கு வித்தியாசம் தெரியாது, குளிரவைக்கிற வேலையைத் தொடங்கிவிடும். அதனால்தான் முகம் சிவக்கிறது, தலை வேர்க்கிறது. மூக்கு ஒழுகுவதும் எச்சில் ஊறுவதும் அந்த நரம்புகள் கிளப்பிவிடுகிற வேலைதான். இந்தக் கதவைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபலில் பங்கு கிடைத்தது.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது. அதற்கு முன் நம் அடுப்படியில் காரம் என்றால் மிளகுதான். மிளகின் பைப்பரினும் இதே கதவைத் தட்டும், கொஞ்சம் மெதுவாக. ஆக, உங்கள் ஞாயிற்றுக்கிழமை இலையில் ரெண்டு பேர் சேர்ந்து தட்டுகிறார்கள்!

தம்பி, தண்ணீர் வேலைக்கு ஆகாது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, வாய்க்குள் பரவத்தான் செய்யும். பாலோ தயிரோ மோரோ குடியுங்கள், அதிலுள்ள கேசீன் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்துக்கொண்டு போய்விடும்.

ஐயா விஷயம்: திரும்பத் திரும்பக் காரம் பட்டால் அந்த நரம்பு நுனிகள் மரத்துப்போகும். பழக்கம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதைத்தான்.

திருப்பத்தூர் நர்ஸ்:
சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வயதானால் வேர்வைச் சுரப்பிகளும் மந்தமாகிவிடும், தாகமும் குறைவாகத்தான் தெரியும். கறிக்கு வேர்க்காதது பெரிய விஷயமில்லை ஆச்சி. கத்திரி வெயிலில் திண்ணையில் உட்கார்ந்தும் வேர்க்கவில்லை என்றால் அதைக் கவனியுங்கள். அவர் கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுங்கள். வெயிலில் உளறினாலோ மயங்கினாலோ ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அப்புறம், வயிறு நிறையச் சாப்பிட்டதும் ரத்தம் குடல் பக்கம் கூடுதலாகப் போகும். பெரியவர்களுக்குச் சட்டென எழுந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றலாம். இலையை விட்டு மெதுவாக எழச் சொல்லுங்கள்.

காரைக்குடி மெஸ்காரி:
ரொம்ப நன்றி சார், நன்றிம்மா. ஐயாவுக்கு இன்றைக்கே ஒரு சொம்பு தனியாக வைத்துவிட்டேன். மகன் இன்னொன்று கேட்கிறான்: கொல்லையில் காயப்போட்ட வற்றலைக் கிளி கொத்தித் தின்கிறதே, அதற்கு எரியாதா?

தேவகோட்டை வாத்தியார்:
எரியாது. பறவைகளின் அந்தக் கதவு கேப்சைசினுக்குத் திறக்காது. பல பறவைகள் விதையையும் நொறுக்காமல் முழுங்கிவிட்டு வேறெங்கோ போய்ப் போடும், மிளகாய்ச் செடிக்கு அது லாபம். எரிந்தாலும் வேர்க்க வழியில்லை, பறவைக்கு வேர்வைச் சுரப்பியே கிடையாது. வற்றலுக்கு மேலே ஒரு வலையைப் போட்டுவிடுங்கள்.