ஃபெரெட்டுக்கு எந்த உலர் தீனி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை:
நானே முதலில் தொடங்குகிறேன். எங்கள் ஃபெரெட்டுக்கு (கீரி மாதிரி நீள உடம்புள்ள வளர்ப்புப் பிராணி) இரண்டு வயது. வீட்டுக்கு வருகிறவர்கள் "இதென்ன, கீரிக்குட்டியா?" என்றுதான் கேட்பார்கள். மதுரையில் இதற்கென்று தனித் தீனி தேடி அலுத்துவிட்டேன். கடைசியில் ஒரு கடைக்காரர், "பூனைத் தீனியே போடுங்க சார், எல்லாம் ஒண்ணுதான்" என்று வளர்ந்த பூனைகளுக்கான பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். முகப்பில் கொட்டை எழுத்தில் புரதம் 32 சதவீதம். நல்லதுதானே என்று வாங்கி வந்துவிட்டேன்.

பத்தே நாளில் கழிவு இரண்டு மடங்கானது. ஊறிய ரவை மாதிரி பொலபொலவென்று, நாற்றம் வேறு. முடியும் சொரசொரப்பாகிவிட்டது. அப்புறம்தான் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். முதலில் மக்காச்சோளம், அடுத்தது மக்காச்சோளப் புரதம், கோழி நாலாவது இடத்தில். எடை அதிகமானதைத்தான் முதலில் எழுதுவார்கள். ஃபெரெட் சுத்த அசைவப் பிராணி. தின்றது மூன்று, நாலு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதற்குள் சோளத்தை எப்படிச் செரிக்கும்?

மாவுச்சத்து எவ்வளவு என்று பாக்கெட்டில் போடுவதில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் நானே கணக்குப் போட்டேன். புரதம் 32, கொழுப்பு 12, நார் 4, ஈரம் 10, சாம்பல் (தாதுச்சத்து) 8. கூட்டினால் 66. மிச்சம் 34 மாவுச்சத்துதான்!

இப்போது பூனைக்குட்டிகளுக்கான தீனி. கோழிதான் முதலில். புரதம் 40, கொழுப்பு 20, நார் 3-க்குள். ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற எனக்குப் பத்து நாள் ஆனது. குட்டியில் பழகிய ருசியை இதுகள் லேசில் விடாது.

திருநகர்:
கோழி முதலில் இருக்கிறது என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள் அண்ணே. பச்சைக் கோழியில் முக்கால்வாசி தண்ணீர். காய்ந்தபின் அது பட்டியலில் பின்னுக்குப் போய்விடும். இரண்டாவதாகக் கோழித்தூள் (தண்ணீர் வற்றக் காயவைத்து அரைத்த கோழி) இருக்கிறதா என்று பாருங்கள். 'தானியம் இல்லாதது' என்று நான் கூடுதல் விலைக்கு வாங்கிய பையில் சோளத்துக்குப் பதில் பட்டாணியும் கொண்டைக்கடலையும்! தாவரப் புரதம் அதிகமானால் சிறுநீரில் கல் சேரும் என்று டாக்டர் சத்தம் போட்டார்.

மேலூர்:
என் கதை வேறு. விலை குறைகிறதென்று 7 கிலோ மூட்டை வாங்கினேன். அக்னி நட்சத்திர வெயில், மாடி அறை. மூன்றாவது வாரம் பையைத் திறந்தால் பழைய பலகாரச் சட்டி எண்ணெய் வாசம். எங்கள் ஃபெரெட் பயல் மோந்து பார்த்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்தான். இப்போது ஒன்றரைக் கிலோதான் வாங்குகிறேன், பையோடு தகர டப்பாவில் வைத்து இறுக மூடிவிடுவேன். பீரோவுக்கு அடியிலும் பாருங்கள். எறும்புச் சாரை போன வழியில் போனேன், இவன் பதுக்கிய தீனி ஒரு கை அள்ளும் அளவுக்குக் கிடந்தது.

வைகைக்கரை:
உங்கள் பதிவைப் படித்துவிட்டு சோபாவை நகர்த்தினேன். அந்தச் சோளத் தீனிதான், அப்படியே இருக்கிறது.